வெள்ளத்துக்கு இரண்டடி

அளவெட்டி
06.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் தனுசியாவும் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்பது விடியற்காலையில் மதிலுக்கு மேலால் வருகிற இருமலில் தெரிகிறது. அந்தச் சுருட்டை விட்டால் இன்னும் சுகமாக இருக்கலாம்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு இவளுக்கு என்ன வந்தது என்று யோசிப்பீர்கள். மதில் எழும்பிய அன்று, இனி அண்ணையோடு கதைப்பதில்லை என்று பிள்ளையார் கோவிலில் சத்தியம் செய்தேன். எழுதுவதில்லை என்று செய்யவில்லை. ஆகவே இந்தக் கடிதம் தபால்காரர் யாகப்புவின் சைக்கிளில் சந்தித் தபாற்கந்தோர் வரை போய், முத்திரை குத்துப்பட்டு, திரும்பி அடுத்த வீட்டுப் படலைக்கு வரும்.

தனுசியாவுக்கு வருகிற ஆனியில் கலியாணம். பின் வளவில் பிள்ளைக்கு ஒரு வீடு கட்டிக்கொடுக்கலாம் என்று பிரதேச சபைக்கு விண்ணப்பித்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் றஜிந்தன் வந்து அளந்தார். வெள்ளப் பாதுகாப்புக்குப் புது ஒழுங்குவிதி வந்திருக்கிறதாம். வெள்ளம் தேங்குகிற காணியில் வீடு கட்ட அனுமதி இல்லை. பள்ளத்தை மண் போட்டு நிரவவும் கூடாது, நிரவினால் தண்ணீர் அடுத்தவன் வளவுக்குப் போகும். வாய்க்கால் ஓடுகிற காணி என்றால் கரையிலிருந்து பத்தடி விட்டுக் கட்டலாம். வாய்க்காலுக்குக் குறுக்கே மதில் இருந்தால் தண்ணீர் போக வழி விடவேண்டும். கேட்கக் கேட்க எனக்கு நல்ல விதியாகத்தான் பட்டது. கடைசியில் அவர் சொன்னார்: "ரீச்சர், போன கார்த்திகை வெள்ளம் முழங்கால் மட்டும் நிண்ட அடையாளம் உங்கடை கிணத்துக்கட்டிலை கிடக்கு. உதுக்குள்ளை வீடு கட்ட விடேலாது."

அந்த வெள்ளம் ஏன் நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒழுங்கையால் வருகிற தண்ணீர் என் வளவின் தெற்கு ஓரத்து வாய்க்காலில் ஓடி, வேலிக்குக் கீழால் உங்கள் வளவுக்குள் போய், வயலைத் தாண்டி வழுக்கையாற்றில் விழும். நீங்கள் உங்கள் பக்கத்து வாய்க்காலை மூடி, வான் வண்டி விடக் கொட்டகை போட்டீர்கள். வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினீர்கள். வருகிற தண்ணீர் மதிலில் முட்டி என் வளவில் படுத்துக்கொள்கிறது. வேலியோடு அதிலிருந்த பொட்டும் போனது. குனிந்து நுழைகிற அந்த ஓட்டையால்தான் மச்சாளும் நானும் கறிச்சட்டி மாற்றிக்கொண்டோம்.

மதிலில் வழி விட்டு, வாய்க்காலைத் திறந்து, அது அங்கே இருந்தது என்று சபைக்கு எழுதிக் கொடுங்கள். அப்படி என்றால் என் காணி வெள்ளம் தேங்குகிற காணி இல்லை, வீடு கட்டலாம். மாரிக்கு முதல் அத்திவாரம் போட்டால்தான் ஆனிக்கு முடியும். பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாண நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை.

தங்கச்சி
உதயகலா


அளவெட்டி
12.08.2025

அன்புள்ள உதயா,

கடிதம் கிடைத்தது. கொண்டுவந்த யாகப்பு போகாமல் நின்றான். "ஐயா, ரீச்சர் இதை மதிலுக்கு மேலாலை எறிஞ்சிருந்தால் எனக்கு ரெண்டு மைல் மிச்சம்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு.

மருமகளுக்குக் கலியாணம் என்ற செய்தியை நான் சந்தி மீன்கடையில் கேள்விப்பட்டேன். தாய்மாமனுக்கு மீன்காரன் சொல்லித் தெரியவேண்டியிருக்கிறது. உன் மச்சாள் அந்தக் கோபத்தில் இரண்டு நாள் கறிக்கு உப்பே போடவில்லை. கலியாணம் உன்னுடைய வீட்டில், தண்டனை எனக்கு.

வாய்க்கால் விடயம். இடம்பெயர்ந்து ஊரில் ஆளில்லாமல் கிடந்த காலத்தில் அது தானாகவே தூர்ந்துபோனது. நான் மூடுவதற்கு அங்கே என்ன இருந்தது. வான் கொட்டகை நோர்வேயில் இருந்து மகன் அனுப்பிய காசில் போட்டது, அதைக் கழற்றச் சொன்னால் அவனுக்கு என்ன மறுமொழி சொல்வது. முன் வளவில் அந்த மாமரத்தைத் தறித்தால் ஒரு வீட்டுக்கு இடம் காணும். நீ எங்கே கட்டினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்த கடிதம் இத்துடன் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சபையில் பழைய கோப்புகளைக் கிண்டப் போகாதே. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடும்.

அண்ணை
கேதீஸ்வரன்


அளவெட்டி
15.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இடம்பெயர்ந்த காலத்தில் தூர்ந்துபோனதாம். அப்படியென்றால் நாங்கள் திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு மாரியும் தனுசியா கடதாசிக் கப்பல் விட்டது எந்தக் கடலில்? உங்கள் பக்கம் போன கப்பலை நீங்கள்தான் பொறுக்கிப் பொட்டால் நீட்டுவீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உங்களுக்கு இந்த வயதிலும் மனம் வருகிறது.

முன் வளவில் மாமரத்தைத் தறித்தாலும் ஒரு அறைக்குத்தான் இடம். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

பழைய கோப்பு என்று நீங்களே ஞாபகப்படுத்தியது நல்லது. வாய்க்காலுக்குக் குறுக்கே மதில் கட்ட அன்றைக்கு உங்களுக்கு எப்படி அனுமதி கிடைத்தது? "காசு குடுத்து எடுத்த பெர்மிற்" என்று நான் ஒழுங்கையில் நின்று சனம் கேட்கக் கத்தினேன். நீங்கள் ஒரு சொல் சொல்லாமல் உள்ளே போனீர்கள். சொல்ல என்ன இருந்தது உங்களிடம். நேற்று சபைக்குப் போய், அந்தக் கோப்பைப் பார்க்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். யார் கை நீட்டினார்கள் என்று இனித் தெரியவரும்.

உதயகலா


அளவெட்டி
18.08.2025
பதிவுத் தபால்

உதயா,

அந்த விண்ணப்பத்தைத் திருப்பி எடு. மதிலை உடைக்கிறேன், கொட்டகையைக் கழற்றுகிறேன். வாய்க்கால் இருந்தது, நான்தான் மூடினேன் என்று சபைக்கு எழுதிக் கொடுக்கிறேன். தண்டம் விதித்தால் கட்டுகிறேன். மகனுக்கும் நானே சொல்கிறேன். ஏன் என்று மட்டும் கேட்காதே.

நீ கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. கோப்பைப் பார்க்காதே.

அண்ணை


அளவெட்டி
05.09.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பதிவுத் தபால் வந்த அன்று நான் பாயாசம் காய்ச்சினேன். அண்ணை பயந்துவிட்டார், காசு கொடுத்தது வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன். விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கவில்லை. என் குணம் உங்களுக்குத் தெரியும்தானே.

நேற்று வரச்சொன்னார்கள். றஜிந்தன் தூசு தட்டிக் கோப்பைத் திறந்தார். "காணிக்குக் குறுக்கே நீர்வழி ஏதும் உண்டா?" என்ற கேள்விக்கு நேரே "இல்லை" என்று உங்கள் எழுத்து. அதற்குக் கீழே "அயலவரின் உறுதிப்படுத்தல்" என்று ஒரு இடம். அங்கே மு. இராசநாயகம். என் அவருடைய கையெழுத்து. கடைசி எழுத்தின் புள்ளியை மறந்துவிடுவார், எங்கள் கலியாணப் பதிவிலும் அப்படித்தான். அதிலும் புள்ளி இல்லை.

காசும் இல்லை, ஒன்றும் இல்லை. என் வீட்டுக்குள்ளிருந்து போன கையெழுத்து. நான் எழும்பவில்லை போலிருக்கிறது, றஜிந்தன் "ரீச்சர், தண்ணி குடிக்கிறீங்களோ" என்று இரண்டு தரம் கேட்டார்.

அவர் போய் நான்கு வருடமாகிறது. அதற்கு முதல் ஐந்து மாரி, பின் வளவில் வெள்ளம் நிற்கும்போதெல்லாம் நான் உங்களைத் திட்டுவேன். அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு "விடு உதயா" என்பார். அதை நல்ல மனம் என்று நினைத்தேன். இப்போது அவர்மேல் கோபமாக இருக்கிறது. உங்கள்மேலும் கோபம்தான். ஆனால் அதைவிட எனக்கு வெட்கம். அவருடைய செத்தவீட்டுக்கு வந்து கடைசி ஆளாக நின்றீர்கள், நான் முகம் திருப்பினேன். ஊரறியக் கள்ளன் என்றேன்.

ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அண்ணை. ஏன் சொல்லவில்லை?

உதயா


அளவெட்டி
09.09.2025

அன்புள்ள உதயா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். முதலாவது கடிதத்தில் நான் எழுதியது பொய். வாய்க்காலை மூடியது நான்தான்.

அப்போது சீமெந்து வந்து இறங்கிவிட்டது, மேசன் நாளைக்கு வருகிறான், படிவத்தில் அயலவர் கையெழுத்து இல்லை. உன்னிடம் கேட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்து, நீ பள்ளிக்கூடம் போன நேரம் மச்சானிடம் போனேன். "தண்ணி எங்காலை போகும்?" என்றுதான் அவரும் முதலில் கேட்டார். ஒழுங்கையில் சீமெந்து வடிகான் வரப்போகிறது, வெள்ளம் அதால் போய்விடும் என்றேன். அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் கதைத்தார்கள். நானும் நம்பினேன், அவரையும் நம்பவைத்தேன். கான் சந்தியோடு நின்றுபோனது.

கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை மூடாமலே சொன்னார்: "உதயாவுக்குச் சொல்லிப்போடாதையும் மச்சான். அவள் என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டாள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பயமும் இருந்தது. சொல்லமாட்டேன் என்றேன்.

வெள்ளம் நின்ற முதல் மாரியிலேயே அவர் வந்து, மதிலை உடைப்போம், நான் அவளிடம் சொல்கிறேன் என்றார். நான் விடவில்லை. எனக்கு மதில் பெரிதாக இருந்தது, அதில் என் பிழைதான் அதிகம். அவர் போன பிறகு எப்படிச் சொல்வது? நீ என்னைக் கள்ளன் என்றால் போகிறது, எனக்கு மனுசியும் மகனும் இருக்கிறார்கள். உனக்கு மிச்சம் இருந்தது அவருடைய நினைவு ஒன்றுதான். அதிலும் சேற்றை அள்ளிப் பூச எனக்கு மனமில்லை.

நேற்றுச் சபைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். விளங்கப்படுத்தாமல் அவரிடம் கையெழுத்து வாங்கினேன் என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை, முக்கால் உண்மை. கூலிக்கு இரண்டு பேர் வருகிற புதன்கிழமை வருகிறார்கள். சத்தம் கேட்டால் பயப்படாதே.

அண்ணை


அளவெட்டி
01.12.2025

அன்புள்ள உதயா,

நீ மூன்று மாதமாக எழுதவில்லை. அனுமதி கிடைத்ததை யாகப்பு சொன்னான். ஐப்பசியில் அத்திவாரம் போட்டதை இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கிணற்றுக்கட்டில் இருக்கிற வெள்ள அடையாளத்துக்கு இரண்டடி மேலே கொண்டுவந்திருக்கிறாய். மேசன் சரியான ஆள்.

இந்த மழைக்கு என்ன ஆகுமோ என்று நான் மூன்று நாளாக வாய்க்காலடியில் குடையோடு நின்றேன். மலைநாட்டில் சனம் படுகிற பாட்டைப் பார்த்தால் எங்களுடையதை வெள்ளம் என்று சொல்லக்கூடாது. ஆனாலும் போன வருடத்திலும் பார்க்கக் குறைவில்லை. தண்ணீர் உன் வளவால் வந்து, மதில் வழியால் நுழைந்து, கொட்டகை இருந்த இடத்தால் ஓடி வயலுக்குப் போனது. உன் பின் வளவில் ஒரு சிரட்டைத் தண்ணீர் நிற்கவில்லை. நீயும் யன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றாய், கண்டேன்.

இன்று காலை றஜிந்தன் அளவு நாடாவோடு வந்தார். மதிலில் நான் விட்ட வழியை அளந்து பார்த்துவிட்டு, "ஐயா, விதியிலை ரெண்டடி அகலம் காணும் எண்டு கிடக்கு. நீங்கள் மூண்டரை அடி அகலத்துக்கு, ஆள் உயரத்துக்கு உடைச்சிருக்கிறியள். வெள்ளம் இவ்வளவு உயரத்துக்கு வருமோ?" என்று கேட்டார். "வெள்ளத்துக்கு ரெண்டடி காணும் தம்பி. என்ரை தங்கச்சிக்குக் காணாது" என்றேன். அவர் மூன்றரை அடி என்றே எழுதிக்கொண்டு போனார்.

உடைத்து இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. வாய்க்காலுக்கு மேல் காலை வைக்க ஒரு கல்லுப் பலகையும் போட்டிருக்கிறேன். இதுவரை அதால் போய்வந்தது தண்ணீரும் உன்னுடைய கோழிகளும்தான்.

மழைக்கு யாகப்பு வரவில்லை. இதைப் பொலித்தீனில் சுற்றிப் பொட்டடியில் கல்லுக்குக் கீழே வைக்கிறேன்.

அண்ணை


அளவெட்டி
03.12.2025

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதத்தைக் கோழி கொத்த முதல் தனுசியா எடுத்துவந்தாள். மூன்றரை அடி கொஞ்சம் கூடத்தான். நான் அவ்வளவு மொத்தமான ஆள் இல்லை.

நான் எழுதாமல் இருந்தது உங்கள்மேல் கோபத்தில் இல்லை. சபையில் இருந்து வந்த அன்று அவருடைய படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மூன்று மாதம் அப்படியே கிடந்தது. அந்த முதல் மாரியில் அவர் மதிலை உடைக்கக் கேட்டு வந்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பல தரம் வாசித்தேன். முந்தநாள் தண்ணீர் அந்த வழியால் போவதைப் பார்த்துவிட்டு வந்து படத்தை நேரே வைத்தேன். அவருக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்திருக்கும்.

கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டோம். தாய்மாமன் நிற்காத சபையில் என் பிள்ளைக்குத் தாலி ஏறாது. இதற்கு மறுமொழி எழுதவேண்டாம்.

செய்த சத்தியத்தை என்ன செய்வது என்று கோவில் ஐயரிடம் கேட்டேன். "அதை இல்லை எண்டு ஆக்கேலாது ரீச்சர். வேணுமெண்டால் அதுக்குப் பதிலாய் வேறை ஒண்டு செய்யலாம்" என்றார். வெள்ளிக்கிழமை காலை போய்த் தேங்காய் உடைத்து, இனி அண்ணைக்கு ஒரு எழுத்தும் எழுதுவதில்லை என்று சத்தியம் செய்யப்போகிறேன். அதற்குப் பிறகு உங்களிடம் ஏதும் சொல்லவேண்டுமென்றால் வாயைத் திறப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

இந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டி யாகப்புவிடம் கொடுக்கிறேன். அவருக்கும் இது கடைசி இரண்டு மைல்.

கோவிலால் நேரே அந்தப் பக்கம் வருவேன். நீங்கள் போட்ட கல்லுப் பலகையில் பாசி பிடித்துக் கிடக்கிறது. ஒன்பது மணிக்குப் பொட்டடியில் வந்து நில்லுங்கள், கையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

தங்கச்சி
உதயா