வேலை உடையில் வருவோருக்குப் பூங்கா

14 ஜூலை, செவ்வாய்.

1. ஜூலை 9: பூங்காவை ஐந்தரைக்கே பூட்டிவிட்டார்கள். பலகையில் எட்டு மணி என்றிருக்கிறது.
2. ஜூலை 11: புல்லில் அமர்ந்தவர்களைக் காவலாளி எழுப்பிவிட்டார்.
3. இன்று: பட்டாசு வேலை முடிந்து வந்த ஐந்து பெண்களை வாசலிலேயே நிறுத்தினார். "பெஞ்சு பூரா வெள்ளிப் பவுடரு ஒட்டுது. குளிச்சிட்டு வாங்கக்கா."

என்னைத் தடுக்கவில்லை. நானும் உள்ளே போகவில்லை. ஐவரும் பேசுமுன் இரும்புக் கதவை உள்ளங்கையால் தொட்டதைக் கவனித்தேன். வேண்டுதலா என்று மூத்தவரிடம் கேட்டேன்.

"வேண்டுதலா? மருந்து ரூமுக்குள்ள நுழையுமுன்ன செம்புத் தகட்டைத் தொட்டு ஒடம்புக் கரண்டை எறக்கணும் சார், இல்லாட்டிப் பொறி தட்டி வெடிச்சிரும். கை பழகிப்போச்சு. எம் மாமியா வீட்டுக் கதவையும் தொட்டுட்டுத்தான் போவேன். அங்கனதான அம்புட்டு வெடியும் இருக்கு!"

மற்றவர்கள் சிரித்தார்கள். புதுப்பட்டி பஸ் ஆறரைக்குத்தான். நாள் முழுவதும் சம்மணமிட்ட கால்களை அதுவரை புல்லில் நீட்ட வேண்டும். வேறெதுவும் அவர்கள் கேட்கவில்லை. கடைசியில் சாக்கடைச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள்.

காலையில் நகராட்சி ஆணையருக்கு எழுத வேண்டியது: வேலை உடையில் வருவோரைப் பூங்காவில் அனுமதிக்கக் கூடாது என்பது எந்த விதி? ஜூலை 20 மாலை ஐந்து மணிக்குள் அந்த விதியின் எண்ணை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும். விதி இல்லையென்றால், இல்லை என்பதையும் எழுத்து மூலமே தெரிவிக்கவும்.