தொங்குமரத்துக்குப் பட்டுச் சாத்திய கோட்டைத் தலைவர்க்கு

மழை பொய்யாதிருக்க, மலை சரியாதிருக்க, மேலே ஏறியவர் யாவரும் இறங்கி வந்து தத்தம் இல்லம் சேர்க.

வெண்கோட்டு மலைநாட்டைக் குடைநிழலில் வைத்துக் காக்கும் எழினிமாதேவி, கழுகணைக் கோட்டையின் காவல் பூண்ட ஏனாதி வெண்பூதனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும், உம் கோட்டைச் சேவகர் அறுபதின்மர்க்கும், அவர்தம் மனைமக்களுக்கும் நலம் விளைக. நலம் கேட்கும் முறை இத்துடன் முடிந்தது. இனி வருவது சினம். ஓலை எழுதும் பட்டாலி, சற்று மென்மையாய் எழுதலாகாதோ என்று பணிந்து வினவினான். ஆகாது, சொன்னபடியே எழுது என்றோம்.

சென்ற ஐப்பசியில் நிகழ்ந்ததை நீர் மறந்தீர் போலும், யாம் மறக்கவில்லை. உம் கோட்டைக்கு மேலே, பாறை உச்சியில் காவற்பரண் ஒன்று உண்டு. அதற்குப் படி இல்லை. இருபது முழ வடம் ஒன்றே வழி. அடைமழையில் அங்கே தனித்து நின்ற காவலன் மாதனைப் பாம்பு தீண்டியது. உதவி வேண்டிக் கொம்பு ஊதினான். வடம் ஏற வல்லவர் உம் கோட்டையில் மூவர். இருவர் அன்று அடிவாரச் சந்தைக்குப் போயிருந்தனர், மூன்றாமவன் மேலே கடிபட்டுக் கிடந்த அந்த மாதனே. ஏனையோர் ஒவ்வொருவராய்த் தொற்றினர். ஐந்து முழத்தில் ஒருவன், ஆறு முழத்தில் ஒருவன் எனச் சறுக்கி விழுந்தனர். நாற்பத்தாறு வயதுடைய மருத்துவச்சி சேந்தி, மருந்துப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பதின்மூன்று முழம் ஏறினாள். அங்கே கை விட்டது. இடுப்பெலும்பு முறிந்து அவள் கீழே கிடக்க, மேலே கொம்போசை நின்றது. மறுநாள் அவன் உடலைத்தான் இறக்கினீர்கள்.

படுக்கையில் கிடந்தபடியே சேந்தி எமக்குச் சொல்லியனுப்பியது இது: சேவகர்க்குக் கையில் வலுவில்லை என்பது பொய், வலுவில்லாதது முதுகில், வாள் சுழற்றியும் ஈட்டி எறிந்தும் தோளைப் பெருக்கினார்களேயன்றித் தம் உடலைத் தாமே மேலே இழுக்க ஒருவரும் பழகவில்லை என்றாள். அவள் சொற்படி, பிடிக்கு அடங்கும் பருமனில் வேங்கைமரம் ஒன்றை இழைத்து, குறுக்கே தாங்க இரு காலும் சேர்த்து, தைத்திங்களில் உமக்கு அனுப்பினோம். முறையும் எழுதியனுப்பினோம். முதலில் வெறுமனே தொங்குக. பின்பு தோளைக் காதை விட்டுக் கீழே இறக்கி, முதுகால் இழுக்கப் பழகுக. ஏற இயலாதவன் முக்காலி மேல் நின்று மோவாயை மரத்துக்கு மேலே வைத்து, பத்து எண்ணும் வரை மெல்ல இறங்குக. அவ்வாறு இறங்கிப் பழகிய முதுகு சில திங்களில் ஏறவும் செய்யும். இதில் விளங்காதது என்ன?

இந்த ஆடியில் உமது மறுமொழி வந்தது. படித்தோம். மீண்டும் படிக்கச் சொன்னோம், எம் செவியே பிழையோ என்று! மரத்தை மேளதாளத்துடன் எதிர்கொண்டீராம். சந்தனம் பூசிப் பட்டுச் சாத்தினீராம். கீழை முற்றத்தில் கூரை வேய்ந்து விளக்கேற்றி, எவரும் தீண்டாதிருக்க இருவரைக் காவல் வைத்தீராம். சேவகர் அறுபதின்மரும் நாள்தோறும் அதன் கீழ் நின்று கைகளை உயர்த்துகின்றனராம்; ஆம், உயர்த்துகின்றனர், கூப்பி! அடடா, பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது ஊரார் கதை. குரங்காய்த் தொங்கச் சொன்னால் பிள்ளையாராக்கி வைத்தது உமது கதை. போதாக்குறைக்கு, ஆவணி விழாவுக்குப் புதுப்பட்டு வேறு வேண்டுமென்று கேட்டிருக்கிறீர். வெட்கமாயில்லையா?

அரசர் கைபட்டு முத்திரையோடு வந்த பொருளைப் பிறர் தீண்டலாகாது என்பது நம் மரபு என்று எழுதியிருந்தீர். மரபுதான், மறுக்கவில்லை. அது வாளுக்கும் அரியணைக்கும் நம் முன்னோர் வகுத்தது. மரக்கட்டைக்கு அரக்கு முத்திரை வைத்து அனுப்பியது எம் பிழை, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஏழு திங்கள், வெண்பூதனாரே! ஒரு சேவகனேனும், ஐயா, இது தொங்குவதற்கல்லவா வந்தது என்று கேட்கவில்லையா? கேட்ட ஒருவனைச் சிறையில் வைத்தீர் என்றும் எம் செவிக்கு எட்டியது. அவனை இவ்வோலை கண்ட கணமே விடுக.

இனி எம் செய்தி. உமக்கு அனுப்பிய அதே நாளில் அதே மரத்தின் மறுபாதியை எம் அரண்மனைக் கொல்லையில் நாட்டினோம். முதல் நாள் எட்டு எண்ணுமுன் விழுந்தோம். தோழியர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எமக்குத் தெரியும். முதல் திங்கள் தொங்கவே போயிற்று. பின் இரு திங்கள் முக்காலியிலிருந்து இறங்கினோம். தலைவாரக் கை எழாமல் வலித்தது, அழுதோம் என்றே எழுதுக. வைகாசியில் ஒரு முறை மோவாய் மரத்தைக் கடந்தது. இன்று மூன்று. நான்காவதில் மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறது. நாளெல்லாம் அரியணையில் அமர்ந்து கூனிய எம் முதுகே மூன்று முறை ஏறுமெனில், நாளெல்லாம் உண்டு உலாவும் உம் சேவகர்க்கு என்ன குறை?

ஆதலின் ஆணை இது. மரத்துக்குச் சாத்திய பட்டாடையைக் களைந்து மாதனின் தாய்க்குப் போர்வையாய்க் கொடுக்க. கூரையைப் பிரிக்க, காவலர் இருவரும் முதலில் தொங்குக, மூன்றாமவர் நீர். உமது கச்சை இரண்டு சுற்று வந்த காலம் எமக்கு நினைவுண்டு. அது திரும்பி வரட்டும். இவ்வோலையோடு எம் கொல்லை மரமும் வருகிறது. ஏழு திங்கள் எம் வியர்வை குடித்துக் கறுத்த மரம். கழுவலாகாது, சந்தனம் பூசலாகாது. வரும் ஐப்பசி முதல் நாள் யாமே கழுகணைக்கு வந்து, பரணுக்கு அந்த வடத்தில் ஏறுவோம். சேந்தி விழுந்த பதின்மூன்றாம் முழத்தில் ஒரு முடிச்சு இடுக. யாம் அதைக் கடந்தாலும் கடவாவிட்டாலும், எமக்குப் பின் ஏறுபவர் நீர். மழைக்கு முன் பதின்மரேனும் ஏறித் தேறாவிடில், பரணில் காவல் நிற்பது ஏனாதியார் தாமே என்று அறிக.

இதன் முத்திரை கோணியிருப்பது கண்டு போலியென ஐயுற வேண்டா. காய்த்துத் தடித்த எம் விரலில் மோதிரம் நுழையவில்லை. இப்போது எம் அரண்மனையில் தங்கி, ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருக்கும் சேந்தியின் கையில் அதைக் கொடுத்து, அரக்கின்மேல் அழுத்தச் சொன்னோம். கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டாள்.

இவ்வோலையைத் தலைமேல் வைத்துக் கும்பிடற்க. மடியில் செருகிக்கொண்டு மரத்தைப் பிடிக்க.