மருமகனை என்னவென்று எழுதுவது

இன்று காலை தலைமன்னார் இறங்குதுறையில் நின்றபோது கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: இந்தியாவுக்கு நல்வரவு. அக்கரைக் கோபுரத்தின் அலை இங்கே பிடித்துவிடும். "விசா இல்லாமப் போறது உன்ர போன் மட்டும்தான்ரா" என்று நீ பகிடி பண்ணுவாய், அண்ணா.

இதே துறையில்தான் அன்று கடற்படை, எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இந்திய இழுவைப்படகுக்காரரைக் கொண்டுவந்து இறக்கியது. நான் பத்திரிகைச் செய்திக்காக வந்திருந்தேன். நீ அவர்கள் கிழித்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சனத்தோடு நின்று, "கள்ளர்!" என்று கத்தினாய். கடைசியாக இறங்கியவன் உன்னைக் கண்டு தலைகுனிந்தான். அவன் உன் மகளின் புருஷன்; அவள் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, நீ ஊர் திரும்பியபோது ராமேஸ்வரத்தில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே நின்றுவிட்டவள்.

"பிள்ளையள் சுகமோ?"

"நல்லா இருக்காங்க மாமா. கூலிக்குத்தான் வந்தேன். படகு என்னுது இல்ல."

"வலை என்ர, தம்பி."

பின்னாலிருந்து ஒருவர், "மாப்பிள்ளைக்கு வலையையும் சீதனமாக் குடுத்திட்டியளோ?" என்றார்.

மீனவர் சங்கத்தார் பொலிசுக்கு எழுதிய முறைப்பாட்டை நீட்டினார்கள். கையெழுத்து வைக்காவிட்டால் கரையில் உனக்கு முகமில்லை. வைத்தால் மகளிடம் இல்லை. வைத்தாய். மறுநாள் மன்னார் நீதிமன்றத்துக்கு அவனுக்குச் சோறு கட்டி வந்தாய். அவன் உன் முகம் பாராமல் தின்றான்.

"பேப்பரில அவனை என்னெண்டு போடுவாய்?" என்று கேட்டாய்.

"இந்திய மீனவர் எண்டு."

"வேற சொல் இல்லையோ?"

அவன் உன் தமிழைத்தான் பேசினான். உன் மாதாவைத்தான் கும்பிட்டான். ஆனால் வலை கிழிந்தால் நீ தலைமன்னார் பொலிசுக்குப் போகிறாய். அவன் பிடிபட்டால் அவனை மீட்கச் சொல்லி ராமேஸ்வரத்தில் ரயிலை மறிக்கிறார்கள். முறையிடும் வாசல் வேறானபோதே நாடும் வேறாகிவிட்டது என்று நினைக்கிறேன். நீ இரண்டு வாசலுக்கும் நடுவில் அகப்பட்டாய்.

அதன்பிறகு மகள் உன் அழைப்பை எடுக்கவில்லை. உன் அடக்கத்தன்றுதான் எனக்கு அழைப்பு எடுத்தாள். வர அவளுக்குக் கடவுச்சீட்டு இல்லை; இரண்டு நாடும் கொடுக்கவில்லை. குழிக்கு மேலே கைபேசியைப் பிடித்தேன்.

"சித்தப்பா, எனக்காக ஒரு பிடி மண் போடுங்க."

போட்டேன்.

நேற்றும் 'இந்திய மீனவர் கைது' என்றுதான் எழுதி அனுப்பினேன். வேறு சொல் கிடைக்கவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் நீ அவனிடம் முதலில் கேட்டது காதில் விழுகிறது: பிள்ளையள் சுகமோ? செய்தியில் அதற்கு இடமில்லை. அதை நான்தான் வைத்திருக்கிறேன்.