தர்ஷினியின் ஊசிப் பெட்டி

வேலூர்
12.5.2025

ஜஹீதா அக்காவுக்கு,

தர்ஷினிக்கு நூற்று மூன்று காய்ச்சல். வார்டில் சேர்த்திருக்கிறோம். வெள்ளை அணு இருநூறுக்கும் கீழே. அவள் மஜ்ஜை தானாக அதை உண்டாக்காது, தினம் ஊசி போட்டுத் தூண்ட வேண்டும், அந்த மருந்து உறையவே கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன்? எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றுதானே பெட்டியை உங்களிடம் கொடுத்தேன்? கரண்ட் போன அன்று ஃப்ரீசரில் வைத்துவிட்டீர்களே! தெருவில் கத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை.

மோகனா

மேல்விஷாரம்
14.5.2025

அன்புள்ள மோகனா,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் உன் வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கீழ்த்தட்டில் மருந்து சூடாகிவிடுமே என்று பயந்துதான் ஐஸ் பக்கம் வைத்தேன். ராத்திரியே கரண்ட் வந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை. என் தப்புதான். "இனிமே யார் வீட்டு மருந்தும் வாணாம், பேஜாரு" என்கிறார் இவர். ஐந்து வேளைத் தொழுகையிலும் பாப்பா பேரைச் சொல்கிறேன். கஞ்சியாவது குடித்தாளா? ஒரு வரி எழுது.

ஜஹீதா

வேலூர்
19.5.2025

அக்கா,

தாமதமாக எழுதுகிறேன். காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள், இட்லியும் கேட்டாள்.

வியாழக்கிழமை டாக்டரம்மா, "உறைஞ்சது கடைசி ரெண்டு நாள் மருந்துதான். அதுக்கு முன்ன தினம் போட்டும் அணு ஏறலையே. மருந்துக்கு மஜ்ஜை மசியலன்னா வேற ஆள் மஜ்ஜையத்தான் வெக்கணும்" என்றார். அதன்பிறகும் என்னால் மறைக்க முடியவில்லை. காய்ச்சலுக்கு முந்தின எட்டு நாள் நான் ஊசியே போடவில்லை, அக்கா.

போட்டால் எலும்பெல்லாம் வலிக்கும் அவளுக்கு. "கால் உடையுதும்மா, வாணாம்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். ஒரு நாள் விட்டால் என்ன என்று தொடங்கினேன். காலையில் உங்களிடம் வாங்கிய ஊசியைப் பாத்ரூமில் கொட்டினேன். நீங்கள் உறைய வைத்த மருந்து அவள் உடம்பில் ஏறவே இல்லை. தெரிந்தேதான் உங்கள் மேல் பழி போட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "வலிக்குதுன்னு அன்னிக்கே ஒரு போன் பண்ணா இன்னாம்மா?" என்றார். வலிக்கு சிரப் எழுதினார். அதே ஊசிதான், இன்று வெள்ளை அணு ஆயிரத்து நூறு. இவரிடமும் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை வீட்டுக்கு வருகிறோம். கத்திய அதே தெருவில் நின்று உண்மையைச் சொல்கிறேன்.

மோகனா

மேல்விஷாரம்
20.5.2025

மோகனா,

பாப்பா தேறியது போதும், அல்லாஹ்வின் கிருபை.

நீ கத்தியதை அன்றே விட்டுவிட்டேன். தினம் காலையில் "பாப்பா அழுதாளா?" என்று கேட்பேன். "இல்லக்கா, சமத்தா போட்டுக்கினா" என்பாய். எட்டு நாளும் சொன்னாய். அதுதான் ஆறவில்லை.

தெருவில் எதுவும் சொல்லாதே. மருந்து வைக்க இவரை எப்படியோ சம்மதிக்க வைத்திருக்கிறேன். இது தெரிந்தால் பிரிட்ஜ் பக்கமே விடமாட்டார். பழி என்னோடு இருக்கட்டும்.

பெட்டியைக் கொடுத்தனுப்பு. ஆனால் இனிமேல் ஊசியை உன் கையில் தந்து அனுப்பமாட்டேன். தினம் ஏழு மணிக்குப் பாப்பாவை இங்கே தூக்கி வா. என் கண்ணெதிரே போடு. அவள் காலை நான் பிடித்துவிடுகிறேன்.

ஜஹீதா