முதலில் கண்டவர்

மே 28, புதன். துய் ஹோவா

காலையில் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் பேசினார். ஜூலை ஒன்றாம் தேதி எங்கள் மாகாணத்தை மலைப்பக்கத்து மாகாணத்தோடு சேர்க்கிறார்கள். ஃபூ யென் என்ற பெயர் அதோடு சரி. அதற்குள் ஒரு சிறப்பு மலர் கொண்டுவர வேண்டுமாம்: கடற்கரை, தீவு, கோபுரம், தேவாலயம் எல்லாம் சேர்த்து. தப்பில்லாமல் எழுத உங்களை விட்டால் ஆளில்லை என்றார். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் இந்தப் புகழ்ச்சிக்கு இன்னும் மயங்குகிறேன்.

இந்த மாகாணம் தனியாகப் பிரிந்ததும் ஒரு ஜூலை ஒன்றில்தான், 1989-இல். முப்பத்தாறு வருடம், ஒரு நாள் கூடவோ குறையவோ இல்லை. அதையே முதல் வரியாக வைக்கலாம்.

பட்டியலில் ஒன்பது இடங்கள். ஒன்பதாவது பரிசல் தீவு. நான் பிறந்த இடம். அதை மட்டும் வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

தங்கை கடைக்குட்டி தன் நூடுல்ஸ் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரோடு வந்து நின்றாள். ஐம்பத்தைந்து வயது; இன்னும் எல்லோருக்கும் கடைக்குட்டிதான். நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதில்லை. என்னை ஏற்றிக்கொண்டு போனால் வண்டி சாய்கிறது என்று முதல் கிலோமீட்டரிலேயே ஆரம்பித்தாள்.

தட்டுப்பாறையில் கூட்டம். தட்டு அடுக்கியதுபோல் நிற்கும் அந்தக் கருங்கற்களின் மேல் நாங்கள் சிறுமிகளாக நெத்திலி காய வைத்திருக்கிறோம். இப்போது அங்கே மணமக்கள் புகைப்படத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். பத்து மணிக்குள் ஏழு ஜோடி. ஒரு மணப்பெண் குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லிலிருந்து கல்லுக்குத் தாவினாள். நல்ல தாவல்.

ஜூன் 3

மாங் லாங் தேவாலயம். மணி அடிக்கும்போது வாசல் மரத்தில் ஒரு குருவிகூட அசையவில்லை. பழகிவிட்டது போல.

ஜூன் 5, வியாழன்

கலங்கரை விளக்கம். உள்ளே படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன்: நூற்றுப்பத்து. கடைக்குட்டி நூற்றெட்டு என்றாள். சண்டை. இறங்கும்போது இருவரும் சேர்ந்து எண்ணினோம்: நூற்றுப்பத்து. "ரெண்டு படிக்காக முட்டியைக் கழட்டிட்டியே அக்கா" என்று கீழே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முனைதான் நாட்டின் கரையில் சூரியனை முதலில் காணும் இடம் என்று பலகை சொல்கிறது. தெற்கே அடுத்த மாகாணத்துக்காரர்கள் அந்த உரிமை தங்களுடையது என்கிறார்கள். 'முதலில் காணும் இடம் என்று சொல்லப்படுகிற' என்று எழுதி வைத்தேன். யார் முதலில் கண்டது என்பதில் நான் கவனமாக இருப்பேன். முப்பது வருடமாக அப்படித்தான்.

ஜூன் 7

ஓ லோவான் உப்பங்கழி. மட்டி சுட்டுத் தின்றோம். சூடான ஓட்டைக் கடைக்குட்டி கட்டைவிரல் நகத்தால் திறந்தாள். கியெம் அப்படித்தான் திறப்பான்.

அவன் பெயரை எழுதி எத்தனை வருடம் ஆயிற்று.

தீவில் எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு வலை காயும் அகலம்தான். கரையிலுள்ள பள்ளிக்கு ஒரே பரிசலில் போவோம். அவன் துடுப்புப் போடுவான், நான் தண்ணீரை இறைத்து ஊற்றுவேன். பரிசலின் சாணி மெழுகு வாசனை சீருடையை விட்டுப் போகாது. கரைப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அவன் அவர்கள் பக்கத்தில் போய் இன்னும் நெருங்கி உட்காருவான். 1993-இல் பத்தாம் மாதம் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது.

நடக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தீவிலிருந்து அழைப்பு. அங்குள்ள பெரியவர் கோயிலின் குழுத் தலைவர் தாக். நான் மலருக்காக வருவது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஒரு பழைய செய்தி வேண்டும் என்றார். எந்தச் செய்தி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

திமிங்கிலத்தை நாங்கள் மீன் என்று சொல்வதில்லை, பெரியவர். கப்பலைக் காப்பவர். அவர் உயிர் ஓய்ந்து கரை ஒதுங்கினால், முதலில் கண்டவர்தான் அவருடைய மூத்த பிள்ளை. தலையில் வெள்ளைத் துணி கட்டி, பெற்ற தகப்பனுக்குப் போல் மூன்று வருடம் துக்கம் காக்க வேண்டும். அதுவரை கல்யாணம் கிடையாது. எங்கள் தீவில் முதல் நூறு நாள் கடல் தாண்டவும் கூடாது. மூன்று வருடம் கழித்து எலும்பை எடுத்துக் கோயிலில் வைப்பார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் பூசையில் மூத்த பிள்ளைக்குத்தான் முன்வரிசை.

1993-இல் எங்கள் பெரியவர் ஒதுங்கினார். மூத்த பிள்ளையாகத் துணி கட்டியவன் கியெம்.

இப்போது கல்வெட்டு வைக்கிறார்கள். பூசை வரும் இருபத்தெட்டாம் தேதி. கியெம் தன் பெயரைப் பொறிக்க விடமாட்டேன் என்கிறானாம். காரணம் கேட்டால் பேசுவதில்லையாம். "நீங்க அன்னைக்கே பேப்பர்ல எழுதியிருக்கீங்க. அந்தத் துண்டு ஒண்ணு போதும். அச்சுல வந்ததுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் தாக்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தேட வேண்டியதே இல்லை. அலமாரியில் இடது கோடியில் இருக்கிறது.

ஜூன் 9

எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 31-7-1993. நான்காம் பக்கம், பதினெட்டு வரி. என் பெயரில் வந்த முதல் செய்தி. 'முதலில் கண்டவர் மீனவர் வோ கியெம், வயது 26.'

பொய்.

முதல்ல பார்த்தது நான். முப்பத்திரண்டு வருஷத்தில் இதை எங்கேயும் எழுதினதில்லை, இந்த நோட்டில்கூட இல்லை. எழுதித்தான் பார்ப்போமே. மறுநாள் பத்திரிகையில் வேலைக்குச் சேரணும். விடியற்காலை அவன் பரிசலில் என்னைக் கரைக்குக் கொண்டுபோய்க்கிட்டிருந்தான். அவன் முகம் என் பக்கம், முதுகு கடல் பக்கம். நான் கையை நீட்டிக் கேட்டேன் — "அந்தப் பாறை நேத்து இல்லையே?" அவன் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் தீவைப் பார்த்துக் கத்தினான், நான் கண்டேன், நான் கண்டேன்னு. என்னை இன்னொரு படகில் ஏத்தி, "நீ போ"ன்னு மட்டும் சொன்னான்.

மூணு வருஷம் கல்யாணம் இல்லைன்னு ஆக்கிட்டு, ஒரு வார்த்தை கேட்கலை. மூத்த பிள்ளைக்கு வலை நிறையும்னு சொல்வாங்க. அந்த அதிர்ஷ்டத்துக்காக என்னை வித்துட்டான்னு நினைச்சேன். சரி, உன் பேரே இருக்கட்டும்னு கோபத்தில் எழுதினேன். பதினாலாவது மாசம் வேறொருத்தரைக் கட்டிக்கிட்டேன். அவனுக்கு அழைப்பிதழ் அனுப்பினேன். அதுவும் கோபத்தில்தான்.

என் கணவர் நல்லவர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் காகிதத்தில் பொய் இருப்பது வேறு. கல்லில் இருப்பது வேறு.

ஜூன் 10

ந்யான் கோபுரம். குன்று, செங்கல், காற்று. இந்த மண்ணை முன்பு ஆண்ட சாம் மக்கள் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் கட்டியது. கட்டியவர் பெயர் எங்கும் இல்லை.

ஜூன் 11, புதன். பரிசல் தீவு

பதினேழு வருடம் கழித்து வந்திறங்கினேன். படகுத் துறை சிமென்ட் ஆகிவிட்டது. எங்கள் வீடு இருந்த இடத்தில் இறால் வலை விற்கும் கடை. அம்மா நட்ட தென்னை இரண்டில் ஒன்று நிற்கிறது. அதன் தண்டில் நாங்கள் உயரம் அளந்து வெட்டிய கோடுகள் எங்கே என்று தடவிப் பார்த்தேன். தென்னை வளர்ந்தால் கோடு மேலே போகுமா, அதே இடத்தில் இருக்குமா? தெரியாமலே அறுபது வயதை எட்டிவிட்டேன். கோடு இருந்தது, என் தோளுக்குக் கீழே, இருந்த இடத்திலேயே.

கோயில் முற்றத்தில் கல் தயாராகச் சாய்த்து வைத்திருந்தது. பெயர் வர வேண்டிய இடம் மட்டும் வழுவழுப்பாக, வெறுமையாக. கியெம் கடலுக்குப் போயிருந்தான். அவன் மனைவி தோம் தரையில் உட்கார்ந்து கணவாய் கீறிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கத்தியை நீட்டினாள். நானும் உட்கார்ந்தேன். பத்துப் பதினைந்து கணவாய் கீறினோம்.

பிறகு அவள், தலை நிமிராமல்: "'அந்தப் பாறை நேத்து இல்லையே.' இதானே அக்கா நீங்க சொன்னது?"

கத்தி நின்றது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. அந்தத் துணியை நான் பெரியவருக்காக மட்டும் கட்டலை, தெரிஞ்சுக்கோன்னு. நான் கேட்டேன், இப்ப அவுத்துட்டீங்களா, இல்லையான்னு. அவுத்தாச்சுன்னாரு. அப்ப சரின்னேன்." ஒரு கணவாயைத் திருப்பிப் போட்டாள். "நீங்க கீறுறது கோணலா இருக்கு அக்கா. பேனா பிடிச்ச கை."

ஜூன் 12

கியெம் முன்பல் இல்லாமல் சிரிக்கிறான். மேல் வரிசையில் மூன்று போய்விட்டது. காது சற்று மந்தம். கடைக்குட்டியைப் பார்த்ததும் "நூடுல்ஸ்ல வெங்காயத்தாள் கம்மியாயிடுச்சாமே" என்று வம்புக்கிழுத்தான். அவள் பதிலுக்கு அவன் பல்லை எண்ணினாள்.

கோயில் சுவர் நிழலில் நான் நேராகக் கேட்டேன், ஏன் என்று. நிருபர் கேட்பதுபோலத்தான் கேட்டேன். வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை.

"மறுநாள் நீ வேலையில சேரணும். நூறு நாள் தீவுல உட்கார்ந்தா அந்த நாற்காலி உனக்காகக் காத்திருக்குமா?"

என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா நீ இருக்கேன்னு சொல்லியிருப்பே."

உண்மைதான். சொல்லியிருப்பேன்.

"மூணு வருஷம்தானே, பொறுத்துக்குவான்னு நினைச்சேன். நீ ஒரு வருஷத்துல கல்யாணப் பத்திரிகை அனுப்பிட்டே" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. பருவக்காற்று தவறியதைச் சொல்வதுபோல் சொன்னான். பிறகு, உயிரோடு இருக்கும்போது பொய்யைச் சுமக்கலாம், கல் என்னைவிட நாள் அதிகம் நிற்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன் என்றான். என் பெயரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. செய்தி எழுதியவள் நான். நான்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பதினெட்டு வரி என் பைக்குள் இருந்தது. எடுக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

குழுவின் முன் சொன்னேன். ஒன்பது பேர். நேரம், இடம், காற்று எந்தப் பக்கம், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் எல்லாம். எழுதிய செய்தி தவறு, தெரிந்தே எழுதினேன் என்பதையும். முப்பத்திரண்டு வருடமாகப் பெரியவருக்குத் தவறான பிள்ளையை நிறுத்தியிருக்கிறோமே என்பது தாக்கின் கவலை. இனி பெரியவருக்கு என்ன கணக்கு, துக்கம் மறுபடி முதலிலிருந்தா என்று ஒருவர் கேட்டார்.

வாசலிலிருந்து தோம் சொன்னாள்: "நூறு நாளை அக்கா இருக்கட்டும். மூணு வருஷத்தை இவரு கழிச்சாச்சு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்படியே முடிவானது.

ஜூன் 14

ஒன்பது இடங்களைப் பற்றிய கட்டுரையை அனுப்பிவிட்டேன். அதோடு நான்கு வரித் திருத்தம் ஒன்றும். ஆசிரியர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துக் கேட்டார், நிச்சயமாகப் போட வேண்டுமா என்று.

ஜூன் 28, சனி

பூசை. விடியலில் கடைக்குட்டி என் தலையில் வெள்ளைத் துணி கட்டிவிட்டாள். எங்கள் பக்கம் பிள்ளைகளை எண்ணும்போது இரண்டிலிருந்து தொடங்குவோம். முதல் இடத்தில் யாரையும் வைப்பதில்லை. அதனால் மூன்றாவதாகப் பிறந்த நான் வீட்டில் 'நாலு'. "நாலா இருந்தவ அறுபது வயசுல மூத்தவளாயிட்டே" என்று முடிச்சை வேண்டுமென்றே இறுக்கினாள். கண் கலங்கியது முடிச்சால்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

முன்வரிசையில் நின்றேன். ஊதுவத்தி மூன்று. எலும்புப் பெட்டி நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. கியெம் எனக்குப் பின்னால் வந்து நின்றான். மத்தளம் நின்ற இடைவெளியில் காதருகே மெல்லச் சொன்னான்: "முப்பத்திரண்டு வருஷமா முன்னால நின்னு காலு வலிக்குது."

ஜூலை 1, செவ்வாய்

நூறில் நான்காம் நாள். மதியப் படகில் கடைக்குட்டி என் மாற்று உடைகளையும் மூக்குக் கண்ணாடியையும் மலரையும் அனுப்பியிருந்தாள். துறைப் பலகையில் மாகாணத்தின் பழைய பெயர் இன்னும் அழிக்கப்படவில்லை. ஆள் வர நாளாகுமாம்.

திருத்தம் பன்னிரண்டாம் பக்கத்தில், கீழே:

'31-7-1993 இதழில், பரிசல் தீவில் பெரியவரை முதலில் கண்டவர் மீனவர் வோ கியெம் என்று வந்தது தவறு. முதலில் கண்டவர் அச்செய்தியை எழுதிய நிருபர் லுவோங் தி தியொப். பிழைக்கு வருந்துகிறோம்.'

என் பெயர் தியெப். ஓர் எழுத்து மாறிவிட்டது.

தொலைபேசியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். தோம் கணவாய்க் கூடையோடு கீழிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.