மாதாவுக்கு இழுத்த ஒயர்

இன்று காலை எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. உன் வண்டியின் அதே மாடல், அதே வெள்ளை. டாஷ்போர்டில் ஒரு குட்டிப் பிள்ளையார், அவர் தலைக்குப் பின்னால் பச்சை விளக்கு. ஏசி குளிரவில்லை, வாரண்டியில் மாற்றித் தர வேண்டும் என்றார் வண்டிக்காரர். முலுண்டிலிருந்து வந்த குஜராத்திக்காரர். நான் அவரைத் தனியே அழைத்து, "பாய்சாப், இப்போது கேட்டுக்குள் வராதீர்கள். எதிரில் எலக்ட்ரீஷியன் கடை இருக்கிறது. அந்த விளக்கையும் ஒயரையும் எடுத்துவிட்டு நாளை வாருங்கள்" என்று இந்தியில் சொன்னேன். மனிதர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. டீக் ஹை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஒற்றைக் கையால் திருப்பினார். அதைப் பார்த்ததும் எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீயும் நானும் தாராவியில் ஒரே சாலில், நீளமான வரிசைக் குடியிருப்பில், அடுத்தடுத்த அறைகளில் வளர்ந்தவர்கள். உனக்கு மாதா, எனக்கு முருகன். அதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லாமல்தான் வளர்ந்தோம். முப்பது வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டினாய். கடைசியில் சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வண்டி வாங்கியபோது, ஊரில் இத்தனை ஷோரூம் இருந்தும், நான் வேலை பார்க்கிற செம்பூர் டீலரிடம்தான் எடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். "நீ உள்ள இருக்கேல்லா, எனக்கு என்னல கவலை?" என்றாய். அந்த வாக்கியம் இப்போதும் என் காதில் கிடந்து குடைகிறது.

வண்டி வந்த அன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். "ரெண்டு பேருமா சேந்து பாத்துக்கிடட்டும்" என்று நீ சிரித்தாய். அப்புறம் மாகிமில் வாங்கிய மாதா சொரூபத்தை எடுத்தாய். அதன் காலடியில் நீல விளக்கு எரிய வேண்டுமாம். தொண்ணூறடி ரோட்டில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் உன்னைக் கூட்டிப் போனது நான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓடுகிற ஒரு ஒயரின் தோலைச் சீவி, அதில் விளக்கின் ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினான். டார்ச் பிடித்ததும் நான். வாரண்டி பிரிவில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன், கம்பெனி ஒயரில் வெளியாள் கை வைக்கக் கூடாது என்று தினமும் நாலு பேருக்குச் சொல்கிறவன், டார்ச் பிடித்தேன். ஒரு சின்ன பல்பு, அதற்கென்ன என்று நினைத்தேன்.

என் வேலை என்ன என்று உனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வண்டி செய்தவன், விற்றவன், ரிப்பேர் பார்க்கிறவன் எல்லாம் ஒரே ஆள் என்று நினைத்தாய். விற்றதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் நாங்கள். கெட்டுப்போன பாகத்தை மாற்றவேண்டும் என்றால் போட்டோ, ஸ்கேனர் ரிப்போர்ட், ஃபாரம் எல்லாவற்றையும் கம்பெனிக்கு அனுப்பவேண்டும். அங்கே யாரோ, வண்டியையும் பார்க்காமல் உன்னையும் பார்க்காமல், சரி என்றோ முடியாது என்றோ சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் நாங்கள் ஒரு நட்டைக்கூட மாற்ற முடியாது. அந்த ஃபாரத்தை நிரப்புகிறவன்தான் நான். உள்ளே இருக்கிறேன் என்பது அவ்வளவுதான்.

எட்டாவது மாதம் உன் ஸ்டியரிங் இறுக ஆரம்பித்தது. மஞ்சள் விளக்கு எரியும், வளைவில் சக்கரம் திரும்பாமல் அடம்பிடிக்கும். நீ போன் செய்தபோதே சொன்னேன்.

"நாளைக்கு வாரதுக்கு முன்னால மாதாவ எறக்கிரு. ஒயரையும் உருவிரு."

"எதுக்கு?"

"எதுக்கா? போட்டோ எடுப்பானுவ. வெளி ஒயர் இருந்தா கிளெயிம் போயிரும்."

"பல்புக்கும் ஸ்டியரிங்குக்கும் என்னல சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் கெடையாது. எறக்கிட்டு வா."

"அட, போல. வண்டியே அவ தந்தது. அவள டிக்கில போட்டுட்டு வந்து பொய் சொல்லச் சொல்லுதியா?"

மறுநாள் மாதாவோடுதான் வந்தாய். விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. கேட்டிலேயே வண்டியை உள்ளும் புறமும் டேப்லெட்டில் படம் எடுப்பார்கள், எடுத்த கையோடு அது கம்பெனிக்குப் போய்விடும். ஃபாரத்தில் 'வெளி மின்சார இணைப்பு உண்டா' என்று ஒரு கட்டம். நான் 'உண்டு' என்று குறித்தேன். வேறு என்ன செய்ய? இல்லை என்று குறித்தால், அங்கே படத்தில் மாதா நின்றுகொண்டிருக்கிறாள்.

மூன்றே நாளில் பதில் வந்துவிட்டது. வெளி ஒயரிங் இருப்பதால் வாரண்டி பொருந்தாது. ஒரே வரி.

நான் சும்மா இருக்கவில்லை, உனக்கே தெரியும். எங்கள் ஹெட் மிஸ்திரி ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்து, விளக்குக்கும் ஸ்டியரிங் மோட்டாருக்கும் தொடர்பே இல்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அதைச் சேர்த்து மறுபடி அனுப்பினேன். 'பரிசீலனையில்' என்று வந்தது. மேனேஜர் காலில் விழாத குறை. "தேரா தோஸ்த் ஹை, இஸ்லியே?" சிநேகிதன் என்பதால்தானா இவ்வளவும் என்று அவர் ஒரு பார்வை பார்த்தார். கம்பெனி ஏரியா ஆபீசர் மாதம் ஒருமுறை வருவார். அவர் வரும் நாளில் நீ சவாரியை விட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து வெயிலில் நின்றாய். ஏசி கேபினில் சமோசா சாப்பிட்டுவிட்டு, "நெக்ஸ்ட் விசிட்டில் பார்க்கலாம்" என்று போய்விட்டார். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்ட்ஸ் ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன். எங்கள் அலமாரியில் அந்த ஸ்டியரிங் மோட்டார் பெட்டி பிரிக்காமல் இருந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம்.

வண்டியை நிறுத்திவிடு என்று சொன்னேன். "நிறுத்திட்டு? வீட்ல உக்காந்து ஒம் மொகத்தப் பாக்கவா?" என்றாய். சொந்தக் கையிலிருந்து போட்டு மாற்றுகிற நிலையில் நீ இல்லை. வெளியே கொடுத்துப் பிரித்தால் இருக்கிற கிளெயிமும் செத்துவிடும். ஆகவே நான் சொன்னபடி காத்திருந்தாய். அந்த இறுகின ஸ்டியரிங்கோடு நெருளுக்கும் ஏர்போர்ட்டுக்கும் சவாரி போனாய்.

தோள் வலிக்கிறது என்று எப்போது சொல்ல ஆரம்பித்தாய்? கிளெயிமுக்குக் காத்திருந்த இரண்டாவது மாதமாக இருக்கும். இடது தோளில் தொடங்கி முழங்கை வரைக்கும் இழுக்கிறது என்றாய். வண்டிக்குள் எந்நேரமும் தைல வாசனை. டீக்கடையில் நின்றபோது உன் வீட்டுக்காரி, மதினியிடமிருந்து போன் வந்தது, டாக்டரிடம் காட்டச் சொல்லி. "டாக்டர் என்ன செய்வான்? ரோடு ரோலர ஓட்டுத மாதிரி ஓட்டுதேன், வலிக்காம என்ன செய்யும்?" என்று அவளை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "நீ கிளெயிமப் பாஸ் பண்ணுல. தோளு தன்னால சரியாயிரும்."

"ஒந் தோளுக்கும் சேத்து ஒரு கிளெயிம் போட்டுருதேன், அதுவும் வாரண்டிலதான இருக்கு?" என்றேன் நான். இரண்டு பேரும் டீ சிந்தச் சிந்தச் சிரித்தோம். ஐயோ, அந்தச் சிரிப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாதுங்காவில் சவாரியை இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக ஒதுக்கி ஹேண்ட்பிரேக்கும் போட்டிருக்கிறாய். பூக்காரர் ஒருவர்தான் பார்த்து ஆட்களைக் கூப்பிட்டார். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயத்தில் அடைப்பு, நாள்பட்டது என்றார் டாக்டர். இடது தோள், கை, எங்கேயாவது வலி என்று முன்னமே சொன்னாரா என்று கேட்டார். அந்த டாக்டரும் தமிழ்தான். மதினி என்னைப் பார்த்தாள், அப்புறம் அவரிடம் சொன்னாள்: "வண்டில ஸ்டியரிங் டைட்டு சார். அதான்னுல்லா நெனச்சிட்டு இருந்தோம்."

டாக்டர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

வண்டியை மதினி காட்கோபரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். உன் கிளெயிம் மட்டும் என் கம்ப்யூட்டரில் இன்னும் 'பரிசீலனையில்' கிடக்கிறது. மூடச் சொல்லி மேனேஜர் மாதாமாதம் ஞாபகப்படுத்துகிறார். மூட வேண்டுமானால் அங்கே இருக்கிற காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடிக்கையாளர் விலக்கிக்கொண்டார். வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. இரண்டில் ஒன்றை அழுத்த என் விரல் வரமாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். "அவிய வண்டிக்காக நீங்க எம்புட்டு அலைஞ்சிய அண்ணாச்சி" என்று காப்பியை நீட்டினாள். தலையை ஆட்டிவிட்டுக் குடித்தேன். அவளிடம் சொல்ல முடியாததை உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டியரிங்கை மாற்றியிருந்தால் உன் நெஞ்சு சரியாகியிருக்காது. அது எனக்குத் தெரியும், டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் ஸ்டியரிங் லேசான பிறகும் உனக்குத் தோள் வலித்திருக்கும். ஒரு வாரம் பார்த்திருப்பாய், பத்து நாள் பார்த்திருப்பாய். அப்புறம் எனக்குப் போன் போட்டு, "இது வண்டி இல்லல, வேற என்னமோ" என்று சொல்லியிருப்பாய்.