கம்பி இல்லாமல் பேசும் பெட்டி

12-8-97
கையெழுத்துப் போடவில்லை.

காட்டுப்பாக்கத்தில் ஜமீலா அக்காவின் துணிக் கிடங்கில் நேற்றுத் திருட்டு. அலாரம் நான் மாட்டியது. யாராவது கதவைத் திறந்தால் டெலிபோன் வழியாக அக்கா வீட்டுக்கு மணி அடிக்கும். ஆனால் வெளியே போன் வயரை அறுத்துவிட்டுத்தான் நுழைந்திருக்கிறார்கள், பெட்டி ஊமையாகிவிட்டது. இப்படி நடக்கும் என்று ஏப்ரலிலேயே எங்கள் முதலாளி கோதண்டத்திடம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது, வடிவு கனெக்‌ஷனைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று அக்காவுக்குக் கொடுக்க எழுதி, கையெழுத்துக்கு என்னிடமே நீட்டுகிறார். உண்மை தெரிந்தால் மற்ற வாடிக்கையாளர்களும் கேள்வி கேட்பார்களே.

“ஒரு கையெய்த்துதானே வடிவு, போட்டுட்டுப் போயேன். இன்னாத்துக்கு வீம்பு?” என்றான் கூட வேலை செய்யும் கஜபதி.

அப்பா படிக்கத் தெரியாமல், நீட்டிய காகிதத்துக்கெல்லாம் கைநாட்டு வைத்தவர். எனக்குப் படிக்கத் தெரியும். போட மாட்டேன்.

13-8-97
வயரே இல்லாவிட்டால் எதை அறுப்பான்? செல்போன்.

20-8-97
கோதண்டம் சிரித்தார். “செல்போனா? அத்தெல்லாம் பெரிய மன்சங்க சமாச்சாரம்மா.” ஜமீலா அக்காதான் தன் மகனின் பழைய செல்போனைக் கொடுத்தார். கோதண்டம் கெடு வைத்தார். “ஆயுத பூஜை வரிக்கும் பாரு. ஆவலன்னா கையெய்த்துப் போடு. இல்லாங்காட்டி வேற வேலை பாத்துக்கோ.”

பார்க்கலாம்.

6-9-97
போனின் பொத்தானில் கம்பி பற்றவைத்து அலாரம் பெட்டியோடு இணைத்தேன். கதவு திறந்தால் போன் தானாக அக்கா வீட்டுக்கு அடிக்க வேண்டும். மண்ணூர்பேட்டையில் எங்கள் கடையில் அடித்தது. கிடங்கில் அடிக்கவில்லை — தகரக் கூரைக்குள் டவர் எடுக்கவில்லை. அழுகை வந்தது. அழுதால் கஜபதி பார்ப்பான். ஏணி போட்டு ஏரியலைக் கூரைமேல் ஏற்றினேன். அடித்தது.

15-9-97
பெட்டி உயிரோடு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தினமும் மாலை ஆறுக்கு எங்கள் கடைக்கு இரண்டு தடவை மணி அடித்துவிட்டுத் தானே கட்டாகும்படி செய்தேன். யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு போகும். முதல் நாளே கோதண்டம் எடுத்து, “அலோ, யாரு பேசறது?” என்று பெட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

10-10-97
ஆயுத பூஜை. ஆறுக்கு மணி அடிக்கவில்லை. ஆறு பத்து. இல்லை.

“பாத்தியா, பூட்ச்சி உன் பெட்டி,” என்றார் கோதண்டம். “லீவு நாள்ல இன்னா ஓட்டம்? நாளைக்குப் பாத்துக்கலாம்.”

அடிக்காமல் இருப்பதும் ஒரு சேதிதான். அது கூடவா புரியவில்லை இந்த ஆளுக்கு? இரண்டு பஸ் மாறி ஓடினேன். பெட்டிமேல் சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. கிடங்கு மேஸ்திரி துலுக்கானம் பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

“ஆயுதத்துக்கு இன்னிக்கு வேலை வெக்கக் கூடாதும்மா. பாவம், அதுவும் ரெஸ்ட் எட்த்துக்கட்டும்.”

பேட்டரியை மாட்டிவிட்டு வந்தேன்.

11-10-97
விடியற்காலையில் மறுபடி போன் வயரை அறுத்திருக்கிறார்கள். பூஜை லீவில் ஆள் இருக்காது என்று தெரிந்தே வந்திருக்கிறார்கள். பெட்டி அக்கா வீட்டுக்கு விடாமல் அடித்தது. அக்காவின் மகன்கள் ஆட்களோடு போய், உள்ளே இருந்த இரண்டு பேரையும் மடக்கிவிட்டார்கள். ஒரு சட்டைகூடப் போகவில்லை.

நாளைக்குப் பாத்துக்கலாமாம்.

17-10-97
கோதண்டம் என்னைக் கூப்பிட்டு, தானே எழுதிய ஒரு காகிதத்தைக் காட்டினார். ஆகஸ்ட் திருட்டுக்கு வயர் அறுபட்டதே காரணம், யார் மேலும் குற்றமில்லை என்று இருந்தது.

போதாது என்றேன். ‘வடிவு ஏப்ரலிலேயே சொன்னாள், நான் கேட்கவில்லை’ என்றும் எழுதச் சொன்னேன்.

கஜபதி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். கோதண்டம் பேனாவைத் திறந்து அதையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

நிதானமாகப் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஜமீலா அக்காவிடம் கொடுக்க நானே எடுத்துக்கொண்டு போனேன்.